மூன்றாம் சர்வரின் விசிறிச் சத்தம்

மெத்தை செய்கிற கம்பெனி என்றால் அங்கே எல்லோரும் அரைத் தூக்கத்தில்தான் இருப்பார்கள் என்று வெளியில் ஒரு நினைப்பு உண்டு. அப்படி ஒன்றும் இல்லை. தையல் பிரிவில் கண் அசந்தால் ஊசி விரலில் ஏறிவிடும். ஃபோம் வெட்டும் பிரிவில் பக்கத்து ஆள் பேசுவதே காதில் விழாது, தூக்கம் எங்கே வரப்போகிறது. அந்தக் கட்டடத்தில் சம்பளம் வாங்கிக்கொண்டு தூங்கியவன் ஒரே ஒருத்தன்தான். தரைத்தளத்தின் கடைசி அறையில் அவன் தூங்கினான். ஒரே ஒரு சுவர் தள்ளி அவனுடைய அக்கா வேலை பார்த்தாள்.

அக்கா பார்த்தது சர்வர் வேலை. வந்த ஆர்டர், போன சரக்கு, வாடிக்கையாளர் புகார், யாருக்கு எத்தனை நாள் லீவு மிச்சம் என்பது வரை கம்பெனியின் மொத்த ஞாபகமும் அவள் அறையில் ஒன்பது சர்வர்களுக்குள் இருந்தது. வெளியே வெயில் மண்டையைப் பிளந்தாலும் அந்த அறைக்குள் பழுப்பு ஸ்வெட்டர் இல்லாமல் உட்கார முடியாது. ஒன்பது இயந்திரமும் விசிறிகளும் சேர்ந்து நாள் முழுக்க ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருக்கும். சாவி அவளிடம் மட்டும் இருந்ததால் ஆபீசில் அவளுக்கு 'சாவி மேடம்' என்று பெயர். பதினோரு வருஷமாக அந்தப் பெயர்தான்.

அவளுக்கு ஒரு வழக்கம் இருந்தது. எந்தக் கட்டளையையும் முதலில் வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் விசையைத் தட்டுவாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் வாயை மூடிக்கொண்டு எதையோ தட்டி, ஒரு வாரத்துப் புகார்களை அடியோடு அழித்துவிட்டாள். புகார்ப் பிரிவுக்காரர்கள் ரகசியமாக வந்து கையைக் குலுக்கிவிட்டுப் போனார்கள் என்பது வேறு விஷயம். அவளுக்கு ஒரு மாதம் சோறு இறங்கவில்லை. அதிலிருந்து எதுவானாலும் உரக்கச் சொல்லி, தன் காதால் கேட்டு, அப்புறம்தான் கை. விசிறி இரைச்சலுக்கு மேல் சொல்ல வேண்டுமே, கொஞ்சம் கத்தியே சொல்வாள். ஒரு வேலை முடிந்ததும் தலையை ஆட்டி, "சரி, அடுத்தது" என்பாள். யாரிடம் சொல்கிறாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

அந்த வருஷம் கோடையில் மேலாளர் அவளைக் கூப்பிட்டு, சர்வர் எல்லாவற்றையும் மூட்டை கட்டப் போகிறோம் என்றார். கம்பெனியின் ஞாபகம் இனிமேல் கீழே இருக்காது. எங்கேயோ ஒரு ஊரில், ஜன்னலே இல்லாத பெரிய கட்டடத்தில், ஹோஸ்டிங் கம்பெனி ஒன்று அதை வைத்துப் பார்த்துக்கொள்ளும். இங்கே திரையும் கம்பியும் போதும். அவள் மூன்றாம் மாடியில் வெளிச்சமாக உட்கார்ந்து வேலை செய்யலாம். கீழ் அறையைத் தலையணை அடுக்கக் கொடுத்துவிடலாம்.

"உங்களுக்கும் நல்லதுதானே மேடம். ஸ்வெட்டர் வேண்டாம்," என்றார் மேலாளர்.

"நல்லதுதான் சார்," என்றாள் அக்கா. சொல்லிவிட்டு ஸ்வெட்டரின் கையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

இடம் மாற்றும் வேலையில் முதல் காரியம் பட்டியல். என்னென்ன ஓடுகிறது, எதில் ஓடுகிறது, யார் பயன்படுத்துகிறார்கள் என்று நாற்பத்து மூன்று வரி எழுதினாள். கடைசியில் தானாக ஒரு பத்தி சேர்த்துக்கொண்டாள்: 'நின்றால் யார் கத்துவார்கள்?' இந்தத் தொழிலில் அது ஒரு பழைய வழி. எது யாருக்கு வேண்டும் என்று கேட்டால் ஒழுங்கான பதில் வராது. அணைத்துவிட்டுக் காத்திருந்தால் வேண்டியவன் கத்திக்கொண்டு வருவான்.

ஆனாலும் ஒவ்வொரு அறையாகப் போய்க் கேட்டாள். கடைசியாகத் தம்பியின் அறை. கட்டில் மேல் புது மாடல் மெத்தை ஒன்று போட்டிருந்தது. அவன் தலையணையைத் தட்டிச் சரிசெய்துகொண்டிருந்தான்.

"சர்வர்லேர்ந்து உனக்கு என்னடா வேணும்?"

"எனக்கு எதுக்குக்கா சர்வர்? ஒரு கட்டில், ஒரு மெத்தை, ஒரு பேனா. பேனா கூட முழிச்சப்புறம்தான்."

அவள் பட்டியலில் அவன் பெயருக்கு நேரே ஒரு கோடு போட்டாள்.

தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சின்ன வயதில் இரண்டு பேருக்கும் ஒரே அறை. அக்கா சத்தம் போட்டுப் படிக்கிற ரகம். அவள் பாடத்தில் இரண்டாம் பக்கம் தாண்டுவதற்குள் அவன் பாயில் சுருண்டிருப்பான். அவள் முதல் மார்க் வாங்கியதும் அவன் மார்க்கே வாங்காததும் ஒரே சத்தத்தின் பலன் என்று அப்பா சொல்வார். தூங்குமூஞ்சி என்று தெருவே கூப்பிட்டது. எந்த வேலையிலும் ஒட்டவில்லை. எங்கே உட்கார வைத்தாலும் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது. ஒன்பது வருஷத்துக்கு முன் இந்தக் கம்பெனியில் மெத்தை சோதிக்க ஆள் தேடினார்கள். அக்கா சொல்லித் தம்பியும் போனான். மொத்தம் நாற்பது பேர் வந்தார்கள். புது இடம், விளக்கு, பார்த்துக்கொண்டிருக்கும் ஆட்கள் என்று முப்பத்தொன்பது பேருக்குத் தூக்கம் வரவில்லை. தம்பியை எழுப்பித்தான் வேலை கிடைத்த செய்தியைச் சொன்னார்கள்.

அன்றிலிருந்து அவன் ஆளே மாறிவிட்டான். வேலையை அப்படி மதித்தான். காலையில் மெத்தைகளை அளப்பான், அமுக்குவான், குறிப்பெடுப்பான். மத்தியானம் இரண்டு மணிக்குப் படுப்பான். கால் மணிக்குள் தூக்கம் வர வேண்டும், வந்தது நாற்பது நிமிஷம் நிற்க வேண்டும். அப்போதுதான் மெத்தை தேறியதாகக் கணக்கு. முழித்ததும் படிவம் நிரப்புவான்: எத்தனை நிமிஷத்தில் தூங்கினேன், முதுகு வலித்ததா, சூடு ஏறியதா. கடைசியில் ஒரு வரி, 'கனவு' என்று. எப்போதோ ஏதோ பயிற்சிக்குப் போய்வந்த ஒரு மேலாளர் சேர்த்த வரி அது. அவர் போய்விட்டார், வரி இருந்தது. தம்பி அதையும் விடாமல் எழுதினான். தரப் பிரிவு கிளார்க் அதையும் விடாமல் கம்ப்யூட்டரில் ஏற்றினார். படித்தவர் யாரும் இல்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் அவனுக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை என்ன பண்ணுகிறார் என்று பெண் வீட்டில் கேட்டபோது, "தரக் கட்டுப்பாடு" என்று அக்கா முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல் சொன்னாள். பொய் இல்லையே. அந்த வேலையை நம்பித்தான் பெண் கொடுத்தார்கள்.

இடமாற்றம் தொடங்கியது. ஹோஸ்டிங் கம்பெனி சார்பில் ஒருவர் தினமும் போனில் வருவார். முகம் தெரியாது. பாகில் ஊறிய மாதிரி ஒரு குரல். அக்கா மூன்றாம் மாடியில் திரை முன் உட்கார்ந்து, ஒவ்வொன்றாக அந்தப் பக்கம் அனுப்புவாள். திரையில் ஒரு கோடு மெதுவாக நிரம்பும். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் அவளுக்குக் கண் முன்னால் வேறு என்னமோ ஓடும். இருட்டான கடலடியில் ஒரு கம்பி. அதன் வழியாக ஆர்டர்கள் வரிசையாகப் போகின்றன. யாரோ ஒரு புதுத் தம்பதியின் இரட்டைக் கட்டில் மெத்தை, ஒரு விடுதியின் இருநூறு தலையணை, முதுகு வலிக்காரர் ஒருவரின் நீளமான புகார். மீன்கள் ஒதுங்கி வழிவிடுகின்றன. கோடு நிரம்பியதும் கடல் வற்றிவிடும். மேஜையும் காப்பித் தம்ளரும் திரும்பி வரும்.

ஒன்று அந்தப் பக்கம் சேர்ந்ததும் இந்தப் பக்கம் அணைப்பாள். பிறகு காத்திருப்பாள். சரக்குப் பிரிவு அரை மணியில் கத்தியது. விற்பனைப் பிரிவு ஐந்து நிமிஷம்கூடப் பொறுக்கவில்லை. லீவுக் கணக்கு அணைந்தபோது மூன்று மாடியும் சேர்ந்து கத்தியது. ஒவ்வொரு கத்தலுக்கும் ஓடிப்போய்ச் சரிசெய்தாள். மூன்று வாரத்தில் ஒன்பதில் ஆறு சர்வர் அடங்கிவிட்டது. கீழே அவள் போவதே அபூர்வமாகிவிட்டது. மேலே எல்லோருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு கத்திச் சொல்ல வெட்கமாக இருக்கவே, உதட்டை மட்டும் அசைத்து வேலை செய்யப் பழகிக்கொண்டாள்.

ஒரு விஷயம் மட்டும் பாக்கி. பழைய சர்வர்கள் பேரில் தீராத புகார் எதுவும் இருக்கக் கூடாது, எல்லாவற்றையும் மூடிவிட்டுத்தான் ஒப்படைக்க வேண்டும் என்று ஹோஸ்டிங் கம்பெனி விதி. அக்கா எல்லாவற்றையும் மூடிவிட்டாள், பதினேழாம் எண்ணைத் தவிர. 'மூன்றாம் சர்வர். விசிறியில் கரகரப்புச் சத்தம். தினமும் பிற்பகல் இரண்டு முதல் மூன்று வரை மட்டும். காரணம் தெரியவில்லை.' எழுதியவள் அவள்தான். விசிறி விற்றவர்கள் இரண்டு தடவை வந்து கழற்றிப் பார்த்தார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. கடைசியில் இந்த மேடத்துக்குக் காதில்தான் கோளாறு என்கிற மாதிரி ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுப் போனார்கள்.

"அந்த ஒண்ணையும் மூடிடலாமே மேடம்," என்றது பாகுக் குரல்.

"காரணம் தெரியாம எப்படி சார் மூடுறது?"

வேடிக்கை என்னவென்றால், போன வாரம் ஒரு நாள் இரண்டரை மணிக்குக் கீழே எட்டிப்பார்த்தபோது அந்தச் சத்தமே இல்லை. மூன்றாம் சர்வர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஒன்பது வருஷம் இருமிவிட்டு, போகிற நேரத்தில் குணமாகிவிட்டதாக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

நாலாவது வாரம் திங்கட்கிழமை மேலாளர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார். அவர் நல்ல மனிதர். கெட்ட செய்தி சொல்லும்போது மேஜையில் இருக்கும் கோந்து பாட்டிலைத் திருப்பித் திருப்பி வைப்பார். அன்று பாட்டில் ஏழெட்டுச் சுற்று சுற்றியது.

"உங்க தம்பி விஷயம். நாலு மாடல் வரிசையா தேறல. ஃபோம்காரங்க எங்க மேல தப்பில்லைனு குதிக்கிறாங்க. பழைய மெத்தை ஒண்ணை, போன வருஷம் அவரே தேறினதா எழுதினதை, சொல்லாம போட்டுப் பார்த்தோம். அதுவும் தேறல."

"அப்படின்னா?"

"மெத்தை நல்லாத்தான் இருக்கு மேடம். அவருக்குத்தான் தூக்கம் போயிடுச்சு." அவர் ஒரு படத்தை அவள் பக்கம் தள்ளினார். அதில் மணல் அடைத்த பொம்மை ஒன்று கைகாலை நீட்டி மெத்தையில் கிடந்தது. உடம்பெல்லாம் ஒயர். "வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்ப்போம். அன்னிக்கும் இல்லைன்னா இதை வாங்கிடலாம்னு மேலிடத்துல முடிவு பண்ணிட்டாங்க. எனக்கே கஷ்டமாத்தான் இருக்கு."

அக்காவுக்குக் காது அடைத்துக்கொண்டது. நாலு வாரமாகக் கட்டடம் முழுக்க யார் கத்துகிறார்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டு இருந்தவள், சொந்தத் தம்பி வாயை மூடிக்கொண்டு கிடப்பதைக் கேட்கவில்லை.

படிகளில் இறங்கிப் போனாள். தம்பி கட்டில் விளிம்பில் உட்கார்ந்து விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணுக்குக் கீழே கருமை.

"ஏன்டா சொல்லல?"

"என்னன்னு சொல்றது? ராத்திரி வீட்ல நல்லாத்தான் தூங்குறேன். இங்க படுத்தா வரமாட்டேங்குது. ராத்திரி தூங்குறது உடம்பு தூங்குறதுக்கா. இது வேலை. மனசு வச்சுத் தூங்கணும். அந்த மனசு எங்கயோ போயிடுச்சு."

"வெள்ளிக்கிழமை மட்டும் தூங்கினதா எழுதிடேன். யார் வந்து பார்க்கப்போறா?"

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

"நான் தேறினதுன்னு எழுதினா அதை நம்பி ஒருத்தர் வாங்கிட்டுப் போய் வீட்ல விரிச்சுப் படுக்குறாருக்கா. தூங்காம தூங்கினேன்னு எழுதச் சொல்றியா?"

அவன் குரல் இறங்கியது. "நான் உருப்படியா பண்ணின வேலை இது ஒண்ணுதான். இதுவும் போச்சுன்னா நான் பழைய தூங்குமூஞ்சிதான். இல்ல, அதுகூட இல்ல. தூங்காத தூங்குமூஞ்சி."

சொல்லிவிட்டு அவனே சிரித்தான். அவளால் சிரிக்க முடியவில்லை.

வெளியே வந்து தாழ்வாரத்தில் நின்றபோது அவளுக்குப் பொறி தட்டியது. சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் ஒன்பது வருஷமாக முனகிக்கொண்டிருந்தது அவளுடைய சர்வர் அறை. இரண்டு அறைக்கும் குளிர்காற்றுக் குழாய்கூட ஒன்றுதான். அந்த முனகலைத் தாலாட்டாகக் கேட்டே அவன் தூங்கியிருக்க வேண்டும். அதை ஒவ்வொன்றாக அணைத்தது யார்? அவள்தான். பட்டியலில் அவன் பெயருக்கு நேரே கோடு போட்டதும் அவள்தான்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம், அணைத்துவைத்த ஆறு சர்வரையும் மேலிருந்தபடியே மறுபடி ஓடவிட்டாள். வேலை ஏதும் இல்லாமல் வெறும் விசிறி சுற்ற ஒன்பதும் பழையபடி முனகின. தம்பியிடம் மூச்சுவிடவில்லை. சொன்னால் காதைத் தீட்டிக்கொண்டு படுப்பான், வருகிற தூக்கமும் ஓடிவிடும். மூன்று மணிக்கு ஆவலோடு கீழே போனாள்.

"விட்டத்துல எத்தனை பலகை இருக்கு தெரியுமா?" என்று கேட்டான் தம்பி. "எண்பத்து நாலு. ரெண்டு தடவை எண்ணிட்டேன்."

ஆக, முனகல் இல்லை. ஆறையும் திரும்ப அணைத்தாள். அவளுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. மூன்று நாள் இருந்தது. அவளுக்கோ தலைக்கு மேல் வேலை. வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்குத்தான் கடைசி மாற்றம். மிச்சம் இருக்கும் மூன்று சர்வரையும் அணைத்து, கம்பெனி முழுக்க அந்தப் பக்கம் போக வேண்டிய நாள்.

வியாழக்கிழமை காலை பாகுக் குரல் கொஞ்சம் தயங்கியபடி பேசியது. "மேடம், முப்பத்தெட்டாவது வரி. தரப் பிரிவுப் படிவங்கள். எண்ணெல்லாம் சரியா வந்திருக்கு. ஆனா கடைசிப் பத்தி முழுக்கக் கேள்விக்குறியா இருக்கு. எழுத்து ஒண்ணுகூட வரல."

"என்ன பத்தி?"

"கனவுன்னு போட்டிருக்கு மேடம்."

திறந்து பார்த்தாள். உண்மைதான். ஒன்பது வருஷத்துக் கனவுகள் அத்தனையும் கடலைக் கடந்து வெறும் கேள்விக்குறிகளாகப் போய்ச் சேர்ந்திருந்தன. எழுத்தின் குறியீடு மாறினால் நடக்கிற சாதாரணக் கோளாறு. ஒரு மணி நேரத்தில் சரிசெய்து மறுபடி அனுப்பினாள். சரியாகப் போயிருக்கிறதா என்று பார்க்க, பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். அப்படித்தான் தம்பியின் கனவுகளை அவள் படிக்க நேர்ந்தது.

'ஆற்றில் படகு. யாரோ மூட்டைகளை எண்ணி எண்ணி ஏற்றுகிறார்கள். எனக்கு ஒரு வேலையும் இல்லை. சுகம்.'

'பெரிய வீடு. யாரோ ஒவ்வொரு கதவாகத் திறந்து பார்த்துப் பூட்டிக்கொண்டே வருகிறார்கள். பயம் இல்லை. நம் ஆள்தான்.'

'மழை. மழைத்துளிகளுக்கு யாரோ நம்பர் போடுகிறார்கள். நானூற்று நாலைக் காணோம் என்று திட்டுகிறார்கள்.'

இதைப் படித்ததும் சிரித்துவிட்டாள். நானூற்று நாலு அவளுடைய பழைய எதிரி. தேடிய பக்கம் கிடைக்காவிட்டால் திரையில் வந்து நிற்கும் எண் அது. அதைத் திட்டாத நாள் இல்லை. சிரிப்பு பாதியில் நின்றது. அந்த எண் இவன் கனவுக்குள் எப்படிப் போனது? அடுத்த வரிகளை ஒவ்வொன்றாக விரல் வைத்துப் படித்தாள்.

'யாரோ சரி, அடுத்தது என்றார்கள். உடனே அடுத்த கனவு வந்தது.'

'சரி, அடுத்தது. படிக்கட்டு. சரி, அடுத்தது. கடல்.'

'இன்று யாரோ தும்மினார்கள். படகு ஆடியது. பிறகு சரி, அடுத்தது.'

ஒன்பது வருஷம். வாரத்துக்கு ஒரு கனவிலாவது அவளுடைய 'சரி, அடுத்தது' இருந்தது. கடைசி நாலு வாரத்தில் மட்டும் கனவு என்பதற்கு எதிரே 'இல்லை', 'இல்லை', 'இல்லை' என்று இறங்கிக்கொண்டே போனது. நடுவில் இரண்டே நாள் மட்டும் தூங்கியிருந்தான், ஒரு புதனும் அடுத்த வியாழனும். அக்கா கீழே ஓடினாள். சர்வர் அறை வாசலில் ஒரு பதிவேடு தொங்கும். உள்ளே போனால் நேரம், வந்தால் நேரம் எழுத வேண்டும். புரட்டினாள். அந்தப் புதன், உள்ளே ஒன்று ஐம்பது, வெளியே மூன்று பத்து. அந்த வியாழனும் அப்படியே. ஆர்டர் எண்கள் ஒத்துப்போகவில்லை என்று தரையில் சம்மணம் போட்டு ஆயிரத்து நூறு எண்களை ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படித்த நாட்கள் அவை. அந்த நாலு வாரத்தில் மற்ற நாட்களில் மத்தியானம் அந்த அறைக்குள் யாரும் ஐந்து நிமிஷத்துக்கு மேல் இருந்ததில்லை.

அவள் பதிவேட்டைப் பிடித்தபடி அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அழுகை வந்தது. அதை அடக்கவும் தோன்றவில்லை. அம்மா அப்பா போன பிறகு, தம்பிக்குத் தான் என்ன செய்தோம், ஒரு வேலை வாங்கிக் கொடுத்ததோடு சரி, இரண்டு தெரு தள்ளி இருந்தும் வாரத்துக்கு ஒரு தடவை எட்டிப்பார்க்கவில்லையே என்று அவளுக்கு உள்ளூர ஒரு உறுத்தல் உண்டு. தெரியாமலேயே ஒன்பது வருஷம் தினமும் அவனைத் தூங்க வைத்திருக்கிறாள். தெரியாமலேயே அதை நிறுத்தியும் விட்டாள்.

வெள்ளிக்கிழமை மூன்றாம் மாடியில் பெரிய திரை மாட்டி, மேலாளரும் பிரிவுத் தலைவர்களும் கூடியிருந்தார்கள். அக்கா வந்து, ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு, மடிக்கணினியையும் ஒரு நாற்காலியையும் தூக்கிக்கொண்டாள்.

"எங்க மேடம்? எல்லா வசதியும் இங்கதானே இருக்கு?"

"கீழ போனாத்தான் சார் எனக்கு வாய் வரும்," என்றாள். மேலாளருக்கு ஒன்றும் புரியவில்லை. இருந்தாலும் சாவி மேடம் காரணமில்லாமல் எதுவும் செய்ய மாட்டாள் என்பதால் தலையை ஆட்டினார்.

சரியாக இரண்டு மணி. காற்றுக் குழாயின் வாய்க்கு நேராக நாற்காலியைப் போட்டுக்கொண்டாள். போனில் பாகுக் குரல். அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு, பழைய குரலில் ஆரம்பித்தாள்.

"ஆர்டர் வாங்குறதை நிறுத்துறேன். நிறுத்தியாச்சு. சரி, அடுத்தது. கடைசி நகல் எடுக்கிறேன். எடுத்தாச்சு. சரி, அடுத்தது."

ஒன்பதாம் சர்வரை அணைத்தாள். ஐந்தாம் சர்வரை அணைத்தாள். ஒவ்வொன்றும் அடங்க அடங்க அவள் குரல் தனியாகத் துருத்திக்கொண்டு கேட்டது. கூச்சமாக இருந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை. இரண்டு பதினெட்டுக்குக் கடைசியாக மூன்றாம் சர்வர் நின்றது. பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக அந்த அறையில் ஒரு சத்தமும் இல்லை. ஒளிர்ந்துகொண்டிருந்த பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. நடுப்பகலில் அந்த அறைக்கு மட்டும் பொழுது சாய்ந்துவிட்டது. தண்ணீருக்கு அடியில் உட்கார்ந்திருப்பதாக அவளுக்குத் தோன்றியது. மேலே எங்கேயோ வெயிலும் தெருவும்.

அப்போது கேட்டது. கரகர, கரகர என்று ஒரே சீராக. மூன்றாம் சர்வரின் விசிறிச் சத்தம்.

அவள் மூன்றாம் சர்வரைப் பார்த்தாள். அது செத்துக் கிடந்தது. அதன் மின்கம்பி அவள் கையில் இருந்தது. கரகரப்பு தலைக்கு மேல் காற்றுக் குழாயிலிருந்து வந்தது. உங்கள் தம்பி ராத்திரியெல்லாம் லாரி ஓட்டுகிறார் என்று தம்பி மனைவி எப்போதோ சிரித்தது ஞாபகம் வந்தது. சின்ன வயதில் அவன் குறட்டை விட்டதில்லை. வளர்ந்த பிறகு அவன் தூங்கி அவள் பார்த்ததில்லை. கேட்டுக்கொண்டு மட்டும் இருந்திருக்கிறாள்.

"மேடம், எல்லாம் வந்து சேர்ந்திருச்சு," என்றது போன். "பிரமாதம். நீங்க போகலாம்."

மணியைப் பார்த்தாள். இரண்டு இருபத்திரண்டு. அவன் எப்போது தூங்கினானோ தெரியாது. நாற்பது நிமிஷம் நிற்க வேண்டும். பட்டியல் தீர்ந்துவிட்டது. நிறுத்தினால் படகு கவிழ்ந்துவிடும்.

"இருங்க சார். இன்னும் ஒண்ணு சரிபார்க்கணும். முப்பத்தெட்டாவது வரி."

புதிய இடத்திலிருந்து கனவுப் பத்தியைத் திறந்தாள். எழுத்துகள் ஒன்றும் சிதறாமல் வந்து நின்றன. முதல் வருஷத்திலிருந்து படிக்க ஆரம்பித்தாள். ஆறு, படகு, மூட்டைகள். சரி, அடுத்தது. பெரிய வீடு, கதவுகள். சரி, அடுத்தது. மேலே மூன்றாம் மாடியில் கைதட்டுகிற சத்தம் மெல்லக் கேட்டது. அவள் கவனிக்கவில்லை. மழைக்கு வந்தபோது போனில் யாரோ நீளமாகக் கொட்டாவி விட்டார்கள்.

"மன்னிச்சுக்கங்க மேடம்," என்றது பாகுக் குரல், தூக்கக் கலக்கத்தில். "படிங்க, படிங்க. இந்த வேலையில இப்படி ஒரு சரிபார்ப்பை நான் கேட்டதே இல்ல."

மூன்று மணி தாண்டியும் படித்தாள். குறட்டை நிற்கும் வரை படித்தாள்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு, எல்லோரும் கிளம்புகிற நேரத்தில், தரப் பிரிவு கிளார்க் அன்றைய படிவத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றினார். புதிய இடத்தில் எழுதப்பட்ட முதல் புது வரி அதுதான். அக்கா மூன்றாம் மாடியில் இருந்து அதைத் திறந்தாள். தூக்கம் வர எடுத்த நேரம், ஒன்பது நிமிஷம். நின்றது, ஐம்பத்தைந்து. மெத்தை தேறியது. கனவு: 'யாரோ என் கனவுகளை எல்லாம் எனக்கே படித்துக் காட்டினார்கள். சின்ன வயசில் கேட்ட குரல். முழிக்க மனசே வரவில்லை.'

அதை இன்னொரு தடவை படித்தாள். பிறகு மேலாளரிடம் போய், தலையணையை வேறு எங்காவது அடுக்கச் சொல்லுங்கள், நான் கீழேயே உட்கார்ந்துகொள்கிறேன் என்றாள். ஒரு இயந்திரமும் இல்லாத அறையில் எதற்கு என்று அவர் கேட்டார். பழக்கம் சார் என்றாள். பொம்மையின் படத்தை அவர் மேஜை இழுப்பறைக்குள் போட்டுச் சாத்தினார்.

மூட வேண்டியது ஒன்றுதான் பாக்கி இருந்தது. பதினேழாம் எண்ணைத் திறந்தாள். அதன் தேதியை அப்போதுதான் கவனித்தாள், தம்பி வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரம். காரணம் என்ற இடத்தில் 'தெரிந்தது' என்று எழுதினாள். எடுத்த நடவடிக்கை என்ற இடத்தில் கொஞ்சம் யோசித்தாள். வாய்விட்டு ஒரு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, தட்டினாள்: 'பழுது இல்லை. சரிசெய்ய வேண்டாம்.'